கொண்டைக்குள் ஒரு பிடி சோறு

மொழிபெயர்ப்புப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் வீட்டுக்கே வந்து கேட்டார். "பத்து விதிகள் மாதிரி, சுருக்கமா இருந்தா போதும்லா" என்றார். முப்பத்தைந்து வருஷம் இந்த வேலையில் குப்பை கொட்டியவனுக்குப் பத்து விதியாவது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதையும் எந்த அகராதியிலும் படிக்கவில்லை. ஒரு போலீஸ் ஸ்டேஷனில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வியர்த்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். அதைச் சொல்கிறேன். விதியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஐம்பதுகள். நான் மலாக்கா டவுனில் ஒரு சின்னத் தமிழ் வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியன். உதவி ஆசிரியன் என்றால் புரூஃப் பார்ப்பவன், விலாசம் ஒட்டுபவன், ஆசிரியருக்குத் தலைவலி வந்தால் தலையங்கம் எழுதுபவன், எல்லாம் ஒருவன்தான். சம்பளம் பற்றிப் பேச வேண்டாம், மூட் கெட்டுப்போகும். நான் நாகர்கோவில் பக்கத்தில் படித்தவன். அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர் ராஜ்யம் என்பதால் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்காமல் தப்பிக்க முடியாது. வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து படித்த அந்த மலையாளம்தான் பிற்காலத்தில் எனக்குச் சோறு போட்டது. ஒரு நாள் மாட்டியும் விட்டது.

சுங்கை ஊடாங் போகிற பாதையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே கிராணியாக இருந்தார் ஒரு மலையாளி. தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் அவரை 'கிராணி ஐயா' என்பார்கள். நான் 'சேட்டா' என்பேன். அவர் பகலில் செக்ரோல் எழுதுவார், யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று. மற்ற நேரமெல்லாம் கதை எழுதுவார்.

மனிதர் பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடியவர். கப்பல் குசினியில் வெங்காயம் உரித்து ரங்கூன் போனார். அங்கிருந்து கொழும்பு, ஏடன், மொம்பாசா. மலாயா வரும்வரை எங்கேயும் இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. ஒரு ஊரில் துணிக்கடை, ஒரு ஊரில் ரயில்வே, ஒரு ஊரில் யாரோ ஒரு அரபிக்கு ஆட்டு மந்தைக் கணக்கு. அத்தனையும் கதையாகி, கப்பல் தபாலில் கேரளத்துப் பத்திரிகைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அவருக்குப் பெரிய பெயர். இங்கே, அவருடைய தோட்டத்துத் துரைக்கு, அவர் கையெழுத்து அழகாக உள்ள கிராணி. அவ்வளவுதான்.

அவருடைய கதைகளை நான்தான் தமிழில் போட்டேன். முதல் கதையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். கதையில் ஒரு கப்பல் சமையல்காரன், ஊரிலிருந்து கடிதம் வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொள்கிறான். எனக்கு அது போதவில்லை. 'அவன் விழிகளில் முத்துகள் அரும்பின' என்று எழுதிவிட்டேன். பத்திரிகை வெளிவந்த சனிக்கிழமை, பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்து ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"எடா தம்பி, என் ஆள் மூக்கைத்தானே துடைச்சான்? நீ எதுக்கு அவன் கண்ணைப் போய்த் துடைக்கிறே?"

ஆசிரியர், அச்சுக்கோர்ப்பவர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அவர் அதற்குமேல் திட்டவில்லை. எதிரே இருந்த முஸ்லிம் டீக்கடைக்கு, காக்கா கடை என்போம், கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, அந்தச் சமையல்காரன் உண்மையில் யார், எந்த ஊர், மூக்கு எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரம் சொன்னார். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். வாரம் முழுக்க எழுதியதை நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் காட்டுவார்.

இங்கே அவர் வேலை செய்கிற முறையைச் சொல்ல வேண்டும், எல்லா வினையும் அதில்தான் இருந்தது. முதல் பிரதியில் அவர் எல்லாருக்கும் நிஜப் பெயரைத்தான் வைப்பார். நிஜ ஊர், நிஜ வீட்டு நம்பர். "வேற பேரு வச்சுக் கூப்பிட்டா அவங்க வரமாட்டாங்க தம்பி" என்பார். செம்மைப் பிரதி எழுதும்போதுதான் பெயர்களை மாற்றுவார். அதோடு ஒவ்வொரு கதைக்கும் ஒரு வரைபடம் போடுவார். யார் வீடு எங்கே, யார் எந்த வழியாக நடந்து போனார் என்று புள்ளி புள்ளியாக. பக்கத்துக்குப் பக்கம் தலையில் தேதி இருக்கும், கப்பலில் வேலை பார்த்த பழக்கம்.

நான் ஒருமுறை கேட்டேன். "சேட்டா, இந்த நேரத்துல இதையெல்லாம் கையில வச்சிக்கிட்டு சுத்தறீங்களே. போலீஸ்காரன் பார்த்தா?"

"மலையாள எழுத்து இருக்கும்போது எனக்குப் பூட்டு எதுக்கு?" என்று சிரித்தார்.

அவசரகாலத்தைப் பற்றி உங்களில் பலருக்குப் பள்ளிப் பாடமாகத்தான் தெரியும். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே ராணுவம். காட்டிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பது சர்க்காரின் திட்டம். அதனால் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். விடியற்காலையில் மரம் வெட்ட, அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவப் போகிறவர்கள் கேட்டில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிறை. இந்தியாவில் பிறந்தவராக இருந்தால் கப்பலேற்றி அனுப்பிவிடவும் செய்வார்கள். வெட்டு முடிந்து வரும்வரை ஜனங்கள் வெறும் வயிறுதான்.

அப்படி ஒரு சனிக்கிழமை சேட்டன் வரவில்லை. பதினோரு மணிவாக்கில் போன் வந்தது. தோட்டத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் பேசினார். அரசாங்கத்தின் ஊரடங்கு அறிவிப்புகளை நாங்கள்தான் தமிழில் போடுவோம் என்பதால் அவருக்கு எங்கள் பத்திரிகையைத் தெரியும்.

"உங்கள் ஆபீஸில் மலையாள எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறாராமே. உடனே வரச் சொல்லுங்கள்" என்றார் மலாயில்.

புக்கிட் ரம்பாய் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டேஷனில் நுழைந்தால் சேட்டன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், முடி வெட்டக் காத்திருப்பவர் மாதிரி நிம்மதியாக. மேஜைமேல் அவருடைய நோட்டுப் புத்தகம். கேட்டில் சோதனையின்போது சட்டைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள். எழுத்து யாருக்கும் புரியவில்லை. ஆனால் வரைபடம் எந்த மொழியிலும் வரைபடம்தானே. லயத்திலிருந்து புறப்பட்டு, ஏழாம் நம்பர் நிரையைத் தாண்டி, காட்டோரம் வரைக்கும் புள்ளிக் கோடு. நிரை என்றால் மரம் வெட்டுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த மர வரிசை. கோட்டின் முடிவில் ஒரு சின்ன வட்டம்.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், நாற்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டவர். சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போடாத போலீஸ்காரரிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

"இவர் இது கதை என்கிறார்" என்றார். "நீங்கள் படியுங்கள். படித்தபடியே மலாயில் சொல்லுங்கள். அப்புறம் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்."

என் முதல் தவறு இங்கே. 'ஐயா, ஒருமுறை மனசுக்குள் முழுக்கப் படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஐந்து நிமிஷம் கொடுத்திருப்பார். ஆனால் நம்ம சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டாமா? 'இதென்ன பிரமாதம்' என்பதுபோல நோட்டை எடுத்து நேரே முதல் வரியில் இறங்கினேன்.

முதல் வரி: 'நேற்று வெள்ளிக்கிழமை.' இரண்டாவது வரியில் ஒரு பெண்ணின் பெயர், அவள் வீட்டு நம்பர், அவள் வெட்டுகிற நிரை. மூன்றாவது வரியில் அவள் கொண்டையை அவிழ்த்து, இலையில் பொதிந்த ஒரு பிடி சோற்றை உள்ளே வைத்து, மறுபடி முடிந்துகொள்கிறாள்.

எனக்கு வாயை முந்திக்கொண்டு கண் ஓடியது. இரண்டாவது வரியின் பாதியில் இருக்கும்போதே மூன்றாவது வரியைக் கண் பார்த்துவிட்டது. இது கற்பனைப் பெயர் இல்லை. முதல் பிரதி. அந்தப் பெண் இந்த நிமிஷம் மூன்று மைல் தூரத்தில் இருக்கிறாள்.

பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அரை மூச்சு நேரம் இருந்திருக்கும். "பாக்கியம் என்று ஒருத்தி" என்றேன். வீட்டு நம்பரையும் நிரையையும் முழுங்கிவிட்டேன். பாக்கியம் என் அக்கா பெயர், நாகர்கோவிலில் பத்திரமாக இருக்கிறவள். வாயில் முதலில் வந்தது அதுதான்.

பெஞ்சிலிருந்து சேட்டன் இருமினார். சபாஷ் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மிச்சக் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். காட்டோரத்தில் ஒரு கல், முனியாண்டி சாமி. வெள்ளிக்கிழமை தோறும் மரம் வெட்டப் போகும் பெண்கள் ஒரு பிடி சோறு வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கத்தியை எடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். வேலி போட்டபிறகு சாமிக்குப் பட்டினி. கேட்டில் சோதிக்கிற பெண் வாளியைப் பார்ப்பாள், மடியைத் தடவுவாள், துணியை உதறச் சொல்வாள். தலையை மட்டும் யாரும் தொடுவதில்லை. அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வெயில் ஏறாத அந்த இருட்டில் அவள் கொண்டைக்குள் சோறு இன்னும் சூடாக உச்சந்தலையில் சுடுகிறது, அவள் சாமியிடம் போய், 'தாமதமாயிடுச்சு, கோவிச்சுக்காதே' என்கிறாள். அதுவரைதான் எழுதியிருந்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அப்படி ஒரு கதை அது. அந்தச் சமயத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கதை. அந்தப் பெண்ணின் பெயர் மறுபடி சொல்லுங்கள்."

"பாக்கியம். கதைப் பெயர்தான் துவான்" என்றேன், மலாயில் ஐயா என்று மரியாதையாக.

அவர் அலமாரியைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். வேலிக்குள் குடியிருக்கும் அத்தனை பேரின் பட்டியலும் ஸ்டேஷனில் உண்டு என்பது எனக்குத் தெரியாது. விரலால் தடவிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"பாக்கியம். மண்டோரின் மனைவி. மரம் வெட்டுகிறவர்."

மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கிற தலைவர். தமிழர்கள் இருக்கிற தோட்டத்தில் பாக்கியம் இல்லாமல் இருப்பாளா? இதைக்கூட யோசிக்காத மடையன் நான். அப்போதுதான் அந்த இருமலின் அர்த்தம் புரிந்தது போலிருந்தது. சேட்டன் எச்சரித்திருக்கிறார். எல்லார் பெயரையும் தினம் எழுதுகிறவர் அவர்தானே.

"துவான், இது கதை" என்றார் சேட்டன்.

"வரைபடம் நிஜம். ஏழாம் நம்பர் நிரை நிஜம். முனியாண்டி கல்லை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் மட்டும் ஏன் கற்பனையாக இருக்க வேண்டும்?" என்றார் இன்ஸ்பெக்டர். கேள்வி நியாயமானது. ஜீப்பை அனுப்பினார்.

அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். மொழிபெயர்ப்பில் சொல் கிடைக்கவில்லை என்று நகம் கடிப்பீர்களே, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் உள்ளே போவாள். விதவை, இரண்டு குழந்தைகள் என்று சேட்டன் சொல்லி முன்பே கேள்விப்பட்டிருந்தேன். சொல்லாவிட்டால் ஒன்றும் அறியாத பாக்கியம் உள்ளே போவாள். தெரிந்தும் சொல்லாமலிருந்த குற்றத்துக்குச் சேட்டனைக் கப்பலேற்றிவிடுவார்கள். நான் நல்லது செய்வதாக நினைத்து, ஒருத்தியின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி இன்னொருத்தியின் கழுத்தில் மாட்டியிருந்தேன். எந்தப் பெயரும் வெறும் எழுத்து இல்லை, அதற்குள் யாராவது குடியிருப்பார்கள் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

சேட்டனோடு பேச முடியாது, நடுவில் போலீஸ்காரர். சேட்டன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. அழுகையை அடக்குகிறார் என்று நினைத்தேன், எனக்கே அழுகை வந்துவிட்டது.

ஒரு முடிவுக்கு வந்தேன். பாக்கியத்தைப் பிடித்து வைப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னால், 'அந்தப் பெயரைப் போட்டது நான், நோட்டில் வேறு பெயர், அதை நான் படிக்க மாட்டேன்' என்று சொல்லிவிடுவது. வேறு யாரையாவது கூப்பிட்டுப் படிப்பார்கள்தான். அதற்கு ஒரு நாளாவது ஆகும். அந்த ஒரு நாளில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். என் வேலை போகும், ஒருவேளை நானும் உள்ளே போவேன். பெரிய வீரம் என்று நினைக்காதீர்கள், அந்த ஜீப் வழியிலேயே நின்றுபோகாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஜீப் வந்தது. பாக்கியம் அக்கா இறங்கினார். தடித்த உடம்பு, வெற்றிலை வாய், தலையில் இறுக்கிக் கட்டிய துணி. வரும்போதே குரல் வந்துவிட்டது.

"மாடு கன்னு எல்லாம் அப்படியே கெடக்கு. என்னாலா விஷயம்? யாரு இந்தத் தம்பி? கிராணி ஐயா, நீங்க என்னா இங்க உக்காந்திருக்கீங்க?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "கொண்டைக்குள் சோறு வைத்து வெளியே கொண்டுபோனாயா என்று கேளுங்கள்."

அந்தக் கேள்வியையும் நானே மொழிபெயர்க்க வேண்டும், பாருங்கள். நான் எழுந்து நின்றேன். "துவான், அதுக்கு முன்னால ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"முதலில் கேளுங்கள்" என்றார், சத்தம் போடாமல்.

கேட்டேன். "அக்கா, நீங்க போன வாரம் வெள்ளிக்கிழமை, கொண்டைக்குள்ள சோத்த வச்சி, வேலிக்கு வெளிய கொண்டு போனீங்களான்னு ஐயா கேக்குறாரு."

பாக்கியம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சேட்டனைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கொண்டையிலயா? என் கொண்டையிலயா?"

தலைத் துணியை உருவினார். மொட்டை. மாசி மகத்துக்கு மலைக்கோயிலில் முடி இறக்கிய மொட்டை, பதினைந்து நாள் ஆகி, கடுகு விதைத்த மாதிரி முளைவிட்டிருந்தது.

"பையனுக்குக் காய்ச்சல் விட்டா முடி தரேன்னு வேண்டியிருந்தேன். குடுத்தாச்சு. ஐயாவத் தேடிப் பாக்கச் சொல்லு தம்பி, சோறு எங்கியாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு!" என்று தலையை இன்ஸ்பெக்டர் பக்கமாகக் குனிந்து காட்டினார்.

போலீஸ்காரர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துப் பக்கத்தின் தலையில் இருந்த தேதியைப் பார்த்தார். எண்கள் எல்லாருக்கும் புரியுமே. போன சனிக்கிழமை. கதையின் முதல் வரி 'நேற்று வெள்ளிக்கிழமை'. பாக்கியத்தின் மொட்டைக்கு அதைவிட வயது அதிகம்.

"அப்படியானால் இந்தக் கொண்டை பொய்" என்றார். "கொண்டை பொய் என்றால் சோறும் பொய்."

"காலையில இருந்து அதைத்தான் துவான் சொல்லிட்டிருக்கேன்" என்றார் சேட்டன், பணிவாக.

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எவ்வளவு நம்பினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார். "நிறையக் கடல் பார்த்தவர் என்று சொன்னார்கள். கொஞ்ச நாளைக்குக் கடலைப் பற்றி எழுதுங்களேன்" என்றார். நான் எழுதித் தர வேண்டிய காகிதத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வெளியே வந்ததும் எதிரே இருந்த காக்கா கடையில் மூவரும் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"ஏன் சேட்டா இருமினீங்க?"

"சிரிப்பு வந்துட்டது தம்பி. உலகத்துல எத்தனையோ பேரு இருக்க, நீ போய் மொட்டைத் தலைக்காரியைப் பிடிச்சியே! லீவு எழுதிக் கொடுத்தவனே நான்தான். அடக்க முடியாமத்தான் இருமினேன். அப்புறம் முக்கால் மணி நேரமா உன் மூஞ்சியைப் பார்க்காம இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

நான் முதலில் பாராட்டு என்றும் பிறகு எச்சரிக்கை என்றும் அர்த்தம் பண்ணிய இருமல் இது. மொழிபெயர்ப்பாளனாம்! ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பித்தது அதிர்ஷ்டத்தால். அக்காவின் மகனுக்குக் காய்ச்சல் வந்திருக்காவிட்டால் நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்தவனாக இருந்திருப்பேன்.

பாக்கியம் அக்கா டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"கிராணி ஐயா, நீங்க அவளத்தானே எழுதினீங்க?" என்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார்.

சேட்டன் நோட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"அவ தலைய முடியறதப் பாத்துட்டு எழுதிட்டீங்க. அவ ஒருத்திதான்னு நெனச்சீங்களா? அந்தப் பக்கம் வெட்டுற பொம்பளைங்க பதினாலு பேரு. வெள்ளிக்கு வெள்ளி ஒருத்தி, முறை வச்சி. ஒரே ஆளு போனா மாட்டிக்குவா லா. முடி எறக்கறதுக்கு முந்தின வெள்ளி என் முறைதான்."

என் வாயில் தற்செயலாக வந்த பெயர் பொய்யும் இல்லை.

"தினமும் எங்க பதினாலு பேரு பேரையும் செக்ரோல்ல எழுதறீங்க. இதுகூடத் தெரியாம என்னா கத எழுதறீங்க?" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

ஏடனையும் மொம்பாசாவையும் பார்த்த மனிதர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு நோட்டைத் திறந்தார். அந்த நான்கு பக்கங்களையும் வரைபடத்தையும் தையலோரமாகப் பிய்த்தார்.

"சேட்டா, வேண்டாம். பேர மாத்திடலாம், ஊர மாத்திடலாம். நான் தமிழ்ல போடறப்ப ஆப்பிரிக்காவுக்கே கொண்டு போயிடறேன்" என்று கையைப் பிடித்தேன். அவர் எழுதியதிலேயே நல்ல கதை அது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"கொண்டையை மாத்த முடியுமா தம்பி? கதை வெளிய வந்த மறுநாள் கேட்டுல எல்லாத் தலையையும் அவிழ்த்துப் பார்ப்பாங்க. அடுத்த வெள்ளிக்கு யார் முறையோ, அவ மாட்டுவா."

எழுந்துபோய்க் காக்காவின் பாய்லர் அடுப்பில் காகிதங்களைப் போட்டார். எரிந்து முடியும்வரை நின்றார். திரும்பி வந்து, "அக்காவுக்கு இன்னொரு டீ" என்றார்.

அந்தப் பதினாலு பேரில் யாரும் பிடிபடவில்லை. சேட்டன் அந்தக் கதையை மறுபடி எழுதிப் பார்த்தார், வரவில்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் கதை எழுதியவர், மலாக்காவைப் பற்றி மட்டும் அவர் புத்தகங்களில் ஒரு வரி கிடையாது. கேரளத்தில் இதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதியிருக்கிறார்கள், இந்த ஊர் அவர் மனதைத் தொடவில்லை என்று. படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அவசரகாலம் முடிந்து வேலியைப் பிடுங்கிய வருஷம் முனியாண்டிக்குப் பெரிய பூசை போட்டார்கள். சேட்டன் அப்போது போர்னியோவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னையும் கூட்டிப்போனார். அண்டா அண்டாவாகச் சோறு, பட்டப்பகலில், காட்டோரத்தில். பாக்கியம் அக்காவின் தலையில் இப்போது நல்ல கொண்டை. அவர்தான் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இவதான் அது" என்றார். ஒல்லியான பெண். என் இலையில் சோற்றை வைத்துவிட்டு நின்றாள்.

"நீங்கதான் ஸ்டேஷன்ல என் பேர மாத்திச் சொன்னவரா?"

"ஆமாம்மா" என்றேன். நன்றி சொல்லப் போகிறாள் என்று கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

"நல்லதுதான் செஞ்சீங்க" என்றாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, "ஆனா அண்ணே, எங்க வீட்டுல யாரு பேரும் இதுவரைக்கும் புஸ்தகத்துல வந்ததில்ல. இப்பத்தான் வேலி போயிடுச்சே. ஒரு வாட்டி போடுங்களேன்" என்றாள்.

"போடறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டு, நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் ஆசிரியர் கேட்ட பத்து விதிகளில் ஒன்றுகூட இதில் தேறாமல் போகலாம். பரவாயில்லை. அச்சுக்குப் போகுமுன் இந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு முறை புரூஃப் பாருங்கள். அவள் பெயர் காளியம்மா.